ஒரு வாய்க் கூழுக்கான வேண்டுதல்

எங்கள் கொல்லிமலையில் பெரிய நோய் கண்டவரைப் பார்க்க வருகிறவர்கள், அறப்பளீசுவரர் கோயில் மீன் கதையைச் சொல்லாமல் எழுந்து போவதில்லை. வளப்பூர் நாட்டுப் பெரியகோயிலூரில், ஆகாயகங்கையாகக் கீழே விழுவதற்கு முன்னால், ஐயாறு கோயிலை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்த ஆற்று மீனை யாரோ பிடித்து, அறுத்து, சட்டியில் போட்டு அடுப்பேற்றினார்களாம். கொதிக்கிற குழம்பில் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, முழு மீனாகி, துள்ளி ஆற்றுக்கே திரும்பிவிட்டதாம். அதனால்தான் அங்கே மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிடுகிறோம். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, “அறுத்த மீனையே பொருத்தினவன், உன்னை விட்டுடுவானா?” என்று நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

என் பெரியப்பா மகன் இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர், சொன்னவர், நம்பியவர். ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வருஷமும் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அவருக்கு உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்து, அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று சேலத்தில் டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். காரவள்ளியில் வண்டி மலையேறத் தொடங்கியதும் கேட்டார்: “தம்பி, அறுத்ததைப் பொருத்தினான், சரி. அறுக்கவே முடியாதுங்கறாங்களே. அதுக்கு என்ன கதை இருக்கு?”

நான் இந்த மலைப் பள்ளிகளிலேயே தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிகிற வரைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவர் கேட்டதற்கான பதில்.

நோய் எப்படி வந்து நின்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதை வாய்வு என்று சொல்லியே மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். அண்ணனுக்குக் கேழ்வரகுக் களிதான் ஆகாரம். களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே உள்ளே விடுவது. ஒரு நாள் உருண்டை நெஞ்சுக்கு மேலே நின்றுகொண்டது. தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. களியை விட்டுச் சாமைச் சோற்றுக்கு வந்தார். சோறு நின்றது, கூழுக்கு வந்தார். இடுப்பு வேட்டி நிற்காமல் போனபோதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. கெட்டியானது முதலில், நீர் ஆகாரம் கடைசியில் என்று இந்த வரிசையில் அடைத்துக்கொண்டு வருவது இந்த நோயின் வழக்கம். உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மையுள்ளது. பாதிக்கு மேல் அடைபட்ட பிறகுதான் ஆள் உணர்கிறார். அதற்குள் கட்டி பக்கத்து உறுப்புகளைத் தொட்டிருக்கலாம்.

அண்ணனுக்குத் தொட்டிருந்தது. குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்ட் செய்து, ஸ்கேன் எடுத்த பிறகு, டாக்டர் ஒரு தாளில் இரண்டு குழாய்களை வரைந்து காட்டினார். முன்னால் மூச்சுக்குழாய், அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உணவுக்குழாய். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி கட்டி வளர்ந்த இடத்தில் இல்லை. கத்தி வைத்தால் மூச்சுக்குழாயையும் சேர்த்து அறுக்க வேண்டும். “அறுவை பண்ண முடியாதுங்க. ஆனா ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு அர்த்தம் இல்ல” என்றார். இந்த இரண்டாவது வாக்கியம் அன்று எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னது முதல் வாக்கியத்தைத்தான்.

அதற்குப் பிறகு திண்ணைக்கு வந்தவர்கள் இரண்டு வகை. ஒரு சிலர் மீன் கதையைச் சொன்னார்கள். வேறு சிலர் தணிந்த குரலில் வினை என்றார்கள். எந்த ஜென்மத்துப் பாவமோ, எந்தச் சாமிக்கு வைத்த குறையோ என்றார்கள். உள்ளே படுத்திருந்தவருக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அறிஞர் அண்ணா காலமானார். செம்மேட்டில் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி ஆட்கள் நின்று அழுதது நினைவிருக்கிறது. அவருக்கும் இதே உணவுக்குழாய்ப் புற்றுதான். 1968 செப்டம்பரில் நியூயார்க் போய் அறுவை செய்துகொண்டார். நவம்பரில் திரும்பினார். டிசம்பர் 1ஆம் தேதி தமிழ்நாடு பெயர் மாற்ற விழாவில் மெலிந்த உடம்போடு வந்து பேசினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 59. அன்று ஊரே அழுதது; வினை என்று ஒருவர் வாயிலிருந்தும் என் காதில் விழவில்லை. ஒரு முதலமைச்சருக்கு வந்தால் அது நோய், மிளகுக்கொடி ஏற்றிப் பிழைக்கும் ஒரு மலைக்காரருக்கு வந்தால் அது வினை என்றால், அந்தப் பேச்சு எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் வரவில்லை. எளியவனைக் கண்டால் கணக்குக் கேட்கத் தோன்றும் பழக்கத்திலிருந்து வருகிறது.

சாஸ்திரத்தையே கேட்டுப் பார்ப்போம். எங்கள் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுக்குத் திருஞானசம்பந்தர் வந்திருந்தபோது உடன் வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சேக்கிழார் அதைச் சொல்லும் விதத்தை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். பனிக்காலத்தில் அந்த நாட்டில் வருகிற நோய் அது என்று காரணத்தைச் சொல்லிவிடுகிறார். படுத்தவர்களைப் பார்த்து உன் பழைய கணக்கு என்ன என்று சம்பந்தர் விசாரிக்கவில்லை. வினை நம்மைத் தீண்டக் கூடாது என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பாடினார். வினை என்ற கருத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதை நோயாளியின் மேல் எறியவில்லை. நோயாளியின் பக்கம் நின்று அதை எதிர்த்தார். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், 38ஆவது. மருந்துக்கு வேறு அதிகாரம், 95ஆவது. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளிலும் வினையைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. உணவு, செரிமானம், அளவு, நோயின் காரணம், அதைத் தணிக்கும் வழி, இவ்வளவுதான். நோயைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஊழை இழுக்காமல் விட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

காரணம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அண்ணன் பதினைந்து வயதிலிருந்து புகையிலை போட்டவர். புகையிலையும் சாராயமும் இந்த வகைப் புற்றுக்குப் பெரிய காரணங்கள் என்பது உலகம் முழுக்க உறுதியான விஷயம். அந்தப் புகையிலையை முதலில் அவர் கையில் வைத்தவர் பெரியப்பா. மழைக்காலக் குளிரில் காட்டு வேலைக்குப் போகும் பையனுக்குக் கொடுத்தது. காரணத்தைத் தெரிந்துகொள்வது அண்ணனின் பேரனுக்கு உதவும். அதைத் தண்டனையாக மாற்றிச் சொல்வதால் யாருக்கும் ஒரு மிடறு கூட இறங்காது.

டாக்டரின் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்க நாங்கள் மறுபடி சேலம் போனோம். இந்த முறை கதிர்வீச்சு டாக்டர், இளம் வயதுப் பெண். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுக்குக் ‘கரண்ட் வைப்பது’ என்று பேர். அண்ணி அதைக் கேட்டே மிரண்டிருந்தார். ஷாக் அடிக்காது, சூடு தெரியாது, எக்ஸ்ரே எடுப்பது மாதிரி படுத்திருந்தால் போதும் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பிறகு எங்கள் எதிரில் இரண்டு வழிகளை வைத்தார்.

அறுக்க முடியாத கட்டியாக இருந்தாலும், உடம்பு தாங்கும் என்றால், நோய் வேறெங்கும் பரவவில்லை என்றால், கதிரும் கீமோவும் சேர்த்து ஐந்தரை வாரம் கொடுத்து நோயையே அழிக்கப் பார்ப்பது ஒரு வழி. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கதிர் மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் ஐந்தாண்டு தாண்டவில்லை. கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் நான்கில் ஒருவர் தாண்டினார். அறுவை இல்லாமலே. ஆகையால் அறுக்க முடியாது என்றாலே முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன், படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது பயன்படலாம். ஆனால் அண்ணனுக்கு எடை பாதியாகியிருந்தது, நுரையீரல் சரியில்லை, கல்லீரலிலும் நோய் தெரிந்தது. அந்தக் கனமான வைத்தியம் அவரையே முறித்துவிடும் என்றார் டாக்டர். அவருக்கு இரண்டாவது வழி: பத்து நாள் கதிர், அதை அளக்கும் அலகில் மொத்தம் 30 கிரே. நோக்கம் ஒன்றே ஒன்று, விழுங்க வைப்பது.

கதிரை இன்னும் கூட்டி வைத்தால் கட்டி முழுக்கப் போய்விடாதா என்று நான் கேட்டேன். வேண்டுதல் பெரிதானால் பலனும் பெரிது என்று வளர்ந்தவன் நான்; காவடியிலும் அப்படி, கடா வெட்டிலும் அப்படி. நோயையே அழிக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் இடத்திலேயே, 50 கிரேயை 65க்குக் கொஞ்சம் குறைவான அளவு வரை கூட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானதாகவும், கூட்டியதால் ஆயுள் கூடவில்லை என்றும் அவர் சொன்னார். கீமோ சேர்த்தால் விழுங்குவதாவது இன்னும் நன்றாகுமா என்றேன். அதையும் பார்த்திருக்கிறார்கள், வாந்திதான் கூடியது என்றார். ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தால் ஓரிரு நாளில் வழி திறக்கும், கதிர் மெதுவாகத்தான் திறக்கும். ஆனால் கட்டி இவ்வளவு மேலே, குரல்வளைக்குக் கீழேயே இருப்பதால் ஸ்டென்ட் சதா உறுத்திக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். மூச்சுக்குழாயில் ஓட்டை விழும் ஆபத்தையும் மறைக்கவில்லை. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார்த்துச் செய்கிறவரே மருத்துவர் என்று வள்ளுவர் சொல்வதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அந்தக் குறளை ஒருவர் செய்து பார்த்ததை அந்த அறையில்தான் கண்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் மகன் அழுதான். “உயிரக் கேக்க வந்தோம் சித்தப்பா. கூழு குடிக்க மட்டும் வைத்தியமாம்.” அவன் சொன்னதில்தான் நான் பேச வந்த விஷயம் இருக்கிறது. உயிரைக் கேட்பது பெரிய வேண்டுதல், கூழைக் கேட்பது தோற்றவன் வேண்டுதல் என்று அவன் நினைத்தான். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

இதைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு மகான்கள் என் வழியில் குறுக்கே நிற்கிறார்கள். ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்று. 1886இல் காசிப்பூர் தோட்ட வீட்டில் பார்லித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். அம்பாளிடம் கேளுங்கள், ஏதாவது கொஞ்சம் சாப்பிட முடிந்தால் போதும் என்று நரேந்திரரும் மற்றவர்களும் மன்றாடினார்கள். அவர் கேட்டாராம். இத்தனை வாய்களால் நீதானே உண்கிறாய் என்று சீடர்களைக் காட்டி அம்பாள் சொன்னதாகவும், தமக்கு வெட்கமாகிவிட்டதாகவும் சொன்னார். அந்த ஆகஸ்டில் மறைந்தார். ரமண மகரிஷிக்கு இடது கையில் சதைப் புற்று. 1949இல் திருவண்ணாமலையில் அறுவை நடந்தது, ரேடியமும் வைத்தார்கள். மறுபடி மறுபடி வந்தது. குணமாக வேண்டும் என்று சங்கல்பம் செய்யுங்கள் என்று கெஞ்சியவர்களுக்கு அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14இல் உடல் நீங்கியது.

இவர்களைக் காட்டி, பார், பெரியவர்கள் கேட்கவில்லை, நீயும் கேட்காதே என்று அண்ணனிடம் சொன்னவர் உண்டு. பக்தியுள்ள மனிதர்தான். ஆனால் அதை நான் ஏற்கவில்லை. உடம்பு தானல்ல என்று கண்டுகொண்டவர் கேட்காமல் இருப்பது அவர் கண்டதன் பலன். அறுபத்தெட்டு வயதுக் குடியானவரிடம் அதைக் கடமையாக்குவது கொடுமை. அதோடு, இரண்டு பேருமே வைத்தியத்தை அடியோடு தடுக்கவில்லை. ரமணர் நடந்த ஒவ்வொரு அறுவைக்கும் கையை நீட்டினார், ரேடியத்துக்கும் நீட்டினார், அன்பர்கள் மனம் ஆறட்டும் என்று. சீடர்கள் ராமகிருஷ்ணருக்காகக் கேட்டது என்ன என்றும் பார்க்க வேண்டும். அவர்கள் அமரத்துவம் கேட்கவில்லை. ஒரு வாய் இறங்க வேண்டும் என்றார்கள். குருவின் பதிலை நாம் கொண்டாடுகிறோம். என் மனம் என்னவோ அந்த வேண்டுதலிடம்தான் நிற்கிறது. பிற்காலத்தில் விவேகானந்தராக உலகம் சுற்றிய நரேந்திரருக்கு அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது அதுதான் என்றால், அது சிறிய வேண்டுதலாக இருக்க முடியாது.

உயிர் வேண்டும் என்று கேட்கும்போது நாம் கேட்பது வரப்போகும் ஒரு காலத்தை. கூழ் இறங்க வேண்டும் என்று கேட்பது, இன்று, இந்தத் திண்ணையில், இந்தப் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று. எல்லா உயிருக்கும் தெய்வம் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பது இரண்டாவதைத்தான். முதலாவதை யாருக்கும், எந்தப் பக்தனுக்கும், எந்த அரசனுக்கும் முழுதாகக் கொடுத்ததில்லை.

பத்து நாளும் மலைக்கு வந்து போக முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினோம், செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று. அண்ணனின் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டிருந்தார்கள். அழியக் கூடாது. தினமும் குளித்து நெஞ்சில் மூன்று பட்டை திருநீறு பூசுவது அவர் வழக்கம். முதல் நாள் மெஷினில் படுக்கவைத்த பையன் அதைப் பார்த்துவிட்டு, “ஐயா, கதிர் படற எடத்துல பவுடர், திருநீறு எதுவும் ஆகாது, தோல் புண்ணாயிடும். நெத்தியில மட்டும் வெச்சுக்குங்க” என்றான். அண்ணன் முகம் வாடியதைக் கண்டு, ஈரத் துணியை அவர் கையிலேயே கொடுத்து, துடைக்கும் வரை திரும்பி நின்றான். மறுநாள் முதல் அண்ணன் நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதித் திருநீற்றை அந்தக் கோடுகளுக்கு மேலே, தோலில் படாமல், விரலால் காற்றில் மூன்று முறை இழுத்துவிட்டு மெஷின் அறைக்குள் போவார்.

இரண்டாவது வாரம் வலி கூடியது. உள்ளே வெந்துபோகும், இறங்குவது முதலில் இன்னும் கஷ்டமாகும், பிறகுதான் திறக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் பாதியில் கிளம்பியிருப்போம். ஊருக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி, எச்சில்கூட விழுங்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தபோதுதான், பஸ்ஸில் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அறுக்க முடியாததற்கும் கதை இருக்கிறது, அண்ணா என்றேன். பாற்கடலில் வந்த நஞ்சைச் சிவன் அழிக்கவில்லை. துப்பவும் இல்லை. அது தொண்டையில் நிற்கிறது, இன்றைக்கும் நிற்கிறது. கீழே இறங்காமல் உமை கை வைத்துப் பிடித்தாள். நஞ்சு போகாமலே உலகம் பிழைத்தது.

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. அண்ணி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தக் கையைத் தொட்டுக்காட்டி, கரகரத்த குரலில் சொன்னார்: “அவனுக்கே ஒரு கை வேண்டியிருந்திருக்கு, பாரு.”

நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று வள்ளுவர் வைத்தியத்தை நான்காகப் பிரிப்பதில் நான்காவதைப் பரீட்சைக்கு ஒப்பிக்கும் பையன்கள் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணி மூன்று மாதம் அந்த நான்காவதாக இருந்தார்.

கதிர் முடிந்து ஒரு மாதம் போல ஆனதும் கூழ் தாராளமாக இறங்கியது. பிறகு குழைய வேகவைத்த சாமைச் சோறு, மிளகு ரசத்தில் பிசைந்து. களி கடைசி வரை இறங்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை தட்டைத் தொடாமல் காத்திருந்து அவனோடுதான் சாப்பிட்டார். நோய் மறுபடி அடைத்தபோது வலிக்கு மார்ஃபின் கொடுக்க, மக்களைத் தேடி மருத்துவத்தில் நர்ஸ் வீட்டுக்கே வந்தார். தை மாதம் அண்ணன் காலமானார். காரியத்தன்று, பார்த்தாயா, அறப்பளீசுவரன் கைவிட்டுவிட்டான் என்று ஒருவர் சொன்னார். அண்ணி அவருக்கு நேராகத் திரும்பிச் சொன்னார்: “கைவிடல. கேட்டதக் குடுத்தான். மூணு மாசம் எங்கூட உக்காந்து தின்னுட்டுப் போனாரு.”

போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் என்னிடம் முன்பு படித்த ஒருவன் வந்து நின்றான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வாயில் புகையிலை. களி நெஞ்சில் நிற்கிறது, வாய்வு போலிருக்கிறது ஐயா, ஆடிக்கு மீனுக்குப் பொரி போடுவதாக வேண்டியிருக்கிறேன் என்றான். பொரி ஆடியில் போடலாம், நானும் வருகிறேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் என்னோடு சேலம் வா, குழாய் விட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.